ஆவி பிடிக்காத கண்ணாடி

தீயணைப்பு நிலையத்தில் போன் எடுக்கிறவளுக்கு எப்படிப்பட்ட புருஷன் வாய்க்க வேண்டும்? கொசுவத்தி கொளுத்தக்கூட நாலு தரம் யோசிக்கிற ஆளாக வாய்த்தால் அவள் நிம்மதியாக வேலைக்குப் போய் வரலாம். இவளுக்கு வாய்த்தவர் விஞ்ஞானி.

நிஜ விஞ்ஞானி ஒன்றும் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. தங்கமான மனுஷர்தான். குடி கிடையாது, சீட்டு கிடையாது, மனைவியிடம் குரல் உயர்த்தினது கிடையாது. ஒரே ஒரு பைத்தியம் மட்டும் உண்டு. சூடான டீயை வாய்க்கருகே கொண்டுபோனால் ஆவி பிடித்து மூக்குக்கண்ணாடி மங்கிப் போகிறதே, அப்படி மங்காமல் இருக்க ஒரு திரவம் கண்டுபிடிக்க வேண்டும் அவருக்கு. "கண்ணாடி போட்டவங்க உலகத்துல எத்தனை கோடிப் பேரு! அத்தனை பேரும் டீ குடிக்கிறாங்க! யோசிச்சுப் பாரு!" என்பார். அவளும் யோசித்துத்தான் பார்த்தாள். அவள் யோசனை எல்லாம் வேறு பக்கம் போயிற்று.

ஏனென்றால் அந்தத் திரவத்தைக் கலக்க அவர் வாங்கி வருகிற சரக்கெல்லாம் பொல்லாத சரக்கு. அசிட்டோன், ஸ்பிரிட், ஈதர். மூடியைத் திறந்தால் போதும், காற்றோடு காற்றாகக் கிளம்பி, ஒரு பொறி எங்கே கிடைக்கும் என்று வீடு முழுக்கத் தேடிக்கொண்டு போகிற ஜாதி. முதலில் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்திலேயே கலக்கினார். அவள் போட்ட கூச்சலில் பின்னறைக்குப் போனார். வீட்டிலிருந்த தீப்பெட்டிகளை எல்லாம் அவள் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். "ஒரு ஸ்பூன் அளவுதாம்மா எடுக்கறேன்" என்பது அவருடைய நிரந்தரப் பதில். ஒரு ஸ்பூன் எடுக்கிறவருக்கு இரண்டு லிட்டர் பாட்டில் எதற்கு என்று கேட்டால், மொத்தமாக வாங்கினால் சல்லிசு என்பார்.

நிலையத்தில் அத்தனை பேருக்கும் இது தெரியும். 'விஞ்ஞானி' என்று பெயர் வைத்ததே வண்டி ஓட்டும் டிரைவர்தான். "அம்மா, உங்க தெருவை நேத்து ஒரு தரம் வண்டியில சுத்திப் பார்த்துட்டு வந்துட்டேன். திரும்பற இடம் கொஞ்சம் குறுகல். எதுக்கும் இருக்கட்டும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். ஆனால் ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். ஒரு நாள் எதிர்முனையில் சொல்லப்போகிற விலாசம் தன் வீட்டு விலாசமாக இருக்கும் என்ற பயம் அவளை விட்டுப் போனதே இல்லை. அதிலும் பாருங்கள், போன் எடுக்கிறவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது நிலையத்துச் சட்டம். எந்த வீடு எரிந்தாலும், அது தன் வீடாகவே இருந்தாலும், அவள் அங்கேயே உட்கார்ந்து அடுத்த போனுக்குக் காத்திருக்க வேண்டும்.

இந்த லட்சணத்தில் சித்தி வந்து சேர்ந்தாள்.

அவளுடைய அம்மாவின் தங்கை. தன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், அந்த வாசனை தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நல்ல வீடாகப் பார்த்து, இங்கே வந்தாள்! சித்தி லேசுப்பட்ட ஆள் இல்லை. பஸ்ஸில் பை பறித்தவனைக் குடையாலேயே நாலு சாத்துச் சாத்திப் போலீஸில் ஒப்படைத்தவள். பாம்பு, திருடன், வீட்டு ஓனர், எதற்கும் அஞ்ச மாட்டாள். பேய் என்று மட்டும் யாராவது சொல்லிவிட்டால் போச்சு, போர்வைக்குள்ளிருந்து தலை வெளியே வராது.

வந்த அன்றைக்கே பின்னறை வாசலில் நின்று கேட்டாள். "என்ன மாப்பிள்ளை, குப்பியும் புட்டியுமா இருக்கு? என்ன செய்யறீங்க?"

"ஆவி பிடிக்காம இருக்க மருந்து கண்டுபிடிக்கிறேன் சித்தி."

சித்தி இரண்டு அடி பின்னால் போனாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள். "நிஜமா வேலை செய்யுமா?"

"லேசாத் தடவினாப் போதும். கிட்டவே வராது."

"எனக்கு ஒரு சின்னக் குப்பி எடுத்து வைங்க மாப்பிள்ளை. தலைமாட்டுலயே வச்சுக்கறேன்."

சித்தியும் கண்ணாடி போடுகிறவள்தானே, அதைத்தான் சொல்கிறாள் என்று அவர் பூரித்துப் போனார். பேயோட்டுகிற மாப்பிள்ளை கிடைத்தார் என்று சித்தி பூரித்துப் போனாள். இருவரும் நாலு நாளாக இப்படியே சந்தோஷமாக இருந்தார்கள். இடையில் இருந்த அவளுக்கு இந்தக் கூத்து எதுவும் தெரியாது.

வியாழக்கிழமை கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. அவளுக்குப் பகல் வேலை. மூன்றேகால் மணிக்குப் போன் அடித்தது.

"தீயணைப்பு நிலையம். என்ன விபத்து, எந்த இடம், சொல்லுங்க."

"தீப்பெட்டியை எங்கடி வச்சுத் தொலைச்சிருக்க?"

அவளுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பக்கத்து மேஜையில் இருந்த நிலைய அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"சித்தி! இது எந்த நம்பர்னு தெரியுமா? எங்கயாவது நெருப்புப் பிடிச்சாத்தான் இதுல கூப்பிடணும்."

"நெருப்புக்குத்தானேடி நானும் கேக்கறேன்! உன் செல்லுக்கு எட்டுத் தரம் அடிச்சுட்டேன், எடுத்தாத்தானே?"

வேலை நேரத்தில் செல்போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதை எல்லாம் விளக்க நேரமில்லை. "இப்ப எதுக்குத் தீப்பெட்டி?"

"மெழுகுவத்தி ஏத்தறதுக்கு. நடையில ஒரே இருட்டா இருக்கு. மெழுகுவத்தி கிடைச்சுடுச்சு, தீப்பெட்டிதான் கிடைக்கல."

"பட்டப்பகல்ல மெழுகுவத்தியா? கரண்டு போயிடுச்சா?"

"கரண்டு எல்லாம் இருக்கு. விளக்குப் போடக் கூடாதாம். மாப்பிள்ளை பின்னறைக் கதவுல எழுதி ஒட்டியிருக்கார்." குரல் தாழ்ந்தது. "எனக்குக் கை காலெல்லாம் உதறுதுடி. இப்பத்தான் தூங்கி எழுந்து வந்து பார்க்கறேன். படிக்கறேன், கேளு. 'உள்ளே ஆவி இருக்கிறது. கதவைத் திறக்க வேண்டாம். விளக்குப் போட வேண்டாம். பத்து நிமிடத்தில் வருகிறேன்.' ஐயோ, மருந்து கண்டுபிடிக்கப் போய் அதையே வரவழைச்சுட்டாரு போலருக்கே!"

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஈதர் கொட்டியிருக்கிறது. இந்த மனுஷர் 'ஆவி' என்று எழுதி ஒட்டிவிட்டு எங்கேயோ போயிருக்கிறார். இன்னொரு வார்த்தை கிடைக்கவில்லையா இவருக்கு? 'தீப்பிடிக்கும்' என்று ஒரு சொல் எழுதினால் கையா தேய்ந்துவிடும்?

"சித்தி, ஏதாவது வாசனை வருதா?"

"வருதே. ஆஸ்பத்திரி மாதிரி, தித்திப்பா. தலை கிறுகிறுங்குது. அது வந்தா அப்படித்தான் இருக்குமாம்."

அவள் அதிகாரியைப் பார்த்து ஒரு கையால், வண்டி, வண்டி என்று சைகை காட்டினாள். ஒரு காகிதத்தில் 'ஈதர், என் வீடு' என்று கிறுக்கி நீட்டினாள். அதிகாரி வாங்கிப் பார்த்து மணியை அழுத்தினார். கீழே பூட்ஸ் சத்தம் கேட்டது.

"சரி, நான் லைட்டரைத் தட்டி அடுப்புலயே பத்த வச்சுக்கறேன்" என்றாள் சித்தி.

"சித்தி! அசையாத! அடுப்புப் பக்கமே போகாத!" அவள் போட்ட சத்தத்தில் அவளுக்கே காது அடைத்தது. "அது நீ நினைக்கிற ஆவி இல்ல. அது ஈதர்."

"ஈதரா? யாருடி அவன்? இந்த வீட்ல முன்னாடி குடியிருந்தவனா?"

விளக்கிச் சொல்ல முடியாது என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஈதர் என்றால் என்ன, அது எப்படி ஆவியாகிறது, காற்றைவிட எப்படிக் கனமாக இருக்கிறது என்று பாடம் நடத்துவதற்குள் சித்தி அடுப்பைப் பற்றவைத்து முடித்திருப்பாள். நம்பாத விஷயத்தைச் சொல்லி நம்பவைப்பதைவிட, ஏற்கெனவே நம்புகிற விஷயத்தையே சொல்லிவிட்டால் என்ன?

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆமா சித்தி. குடியிருந்தவன்தான். ரொம்பப் பொல்லாதவன். நான் சொல்றதை அப்படியே செய். அவனுக்கு நெருப்பைக் கண்டா ஆகவே ஆகாது. ஒரு பொறி பட்டாக் கூட வெறி வந்துடும், வீட்டையே தூக்கிப் போட்டுடுவான்."

"ஐயையோ."

"ஸ்விட்ச்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. மிக்ஸி, ஃபேன், காலிங் பெல், எதையும் தொடாத. அவன் நடந்து வர மாட்டான், தரையோட தரையா ஊர்ந்து வருவான். கதவுக்கு அடியில ஒரு இடுக்கு இருந்தாப் போதும். கீழ உட்காராத, குனியாத. நேரா வாசலுக்குப் போ."

ஈதரை ஆளாக்கியதைத் தவிர அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தீயணைப்புத் துறைக் கையேட்டில் இருக்கிற அத்தனையும் அதில் இருந்தது.

"வாசல் கதவை மூடிட்டுப் போகவா?"

"திறந்தே விடு. காத்துப் பட்டா அவன் தானாக் கலைஞ்சு போயிடுவான்."

சித்தி நடக்கிற சத்தம் கேட்டது, நின்றது. "ஏண்டி, மாப்பிள்ளை எங்க?"

"வெளிய போயிருப்பார். பத்து நிமிஷம்னு எழுதியிருக்காரே."

"அவர் செருப்பு வாசல்லயே கிடக்குடி."

செருப்பு இருக்கிறது. அப்படியென்றால் ஆள் உள்ளே. எழுதி ஒட்டிவிட்டுத் துடைக்கலாம் என்று உள்ளே போயிருப்பார், கதவைச் சாத்திக்கொண்டிருப்பார். ஈதர் மயக்க மருந்து. ஒரு காலத்தில் ஆபரேஷனுக்கே அதைத்தான் கொடுத்தார்கள்.

"கதவைத் திறந்து பார்க்கட்டுமா?" என்றாள் சித்தி. பேய்க்கு அப்படி நடுங்குகிறவள் கேட்ட கேள்வி அது. "பயமாத்தான் இருக்கு. ஆனா மாப்பிள்ளையாச்சே. பார்த்துடவா?"

ஆமாம் என்று சொல்லத்தான் அவள் வாய் துடித்தது. பதினான்கு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற ஓடியவர்கள் திரும்பி வராத கதைகளை அவள் எத்தனை கேட்டிருக்கிறாள்! கதவைத் திறந்தால் அத்தனையும் நடைக்கு வரும், சமையலறைக்கு வரும். பிறகு இரண்டு பேர்.

"வேண்டாம் சித்தி" என்றாள். "திறக்காத. வெளிய போ. மாடிப்படி இறங்கித் தெருவுக்குப் போ. கீழ் வீட்டுக்காரங்களையும் கூட்டிக்கிட்டுப் போ. எங்க ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க."

அந்த 'வேண்டாம்' என்ற சொல்லை எப்படிச் சொன்னாள் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். அவளுக்குத் தெரியாது. சொன்னாள், அவ்வளவுதான்.

வண்டி போய்விட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு போன் வந்தது, யாரோ மரத்தில் ஏறிய பூனை இறங்க மாட்டேன் என்கிறது என்றார்கள். விலாசத்தைக் கேட்டு, பூனையின் நிறத்தைக்கூடக் கேட்டு, ஒழுங்காக எழுதிக்கொண்டாள். எழுதி முடித்தபோது காகிதம் நனைந்திருந்தது. அதிகாரி ஒரு தம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். கடவுளே, அந்த மனுஷர் உயிரோடு வந்தால் போதும், வீடு நிறையப் பாட்டில் வைத்துக்கொள்ளட்டும், நான் வாயே திறக்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள்.

வயர்லெஸ் கரகரத்தது. டிரைவர் குரல்.

"அம்மா, கேக்குதா? விஞ்ஞானி தெருவுல நிக்கறார். முழுசா இருக்கார். பக்கத்துல மணல் மூட்டை, கால்ல பொம்பளைச் செருப்பு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. அதிகாரிதான் வயர்லெஸ்ஸை வாங்கிப் பேசினார்.

நடந்தது இதுதான். பாட்டிலைக் கைதவறிப் போட்டிருக்கிறார். அரை லிட்டருக்கு மேல் தரையில். ஜன்னலைத் திறந்து, கதவைச் சாத்தி, சீட்டு எழுதி ஒட்டிவிட்டு, மேலே கொட்டுவதற்கு மணல் கொண்டுவர ஓடியிருக்கிறார். ஓடுகிற அவசரத்தில் சித்தியின் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, செல்போனை வீட்டிலேயே விட்டுவிட்டு. இரண்டு தெரு தள்ளி வீடு கட்டுகிற இடத்தில், சும்மா ஒரு மூட்டை மணல் எதற்கு என்று மேஸ்திரி துருவித் துருவிக் கேட்டதில் பத்து நிமிடம் அரை மணி நேரமாகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால், தெருவே வெளியே நிற்கிறது. அப்போதுதான் அவருக்கு ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்திருக்கிறது. அது தானாக ஓடும், தானாக நிற்கும்; அப்போதெல்லாம் உள்ளே ஒரு பொறி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வருகிறேன் என்று மூட்டையைப் போட்டுவிட்டுப் படியேறப் போனார். பிடுங்கினாலும் அதே பொறிதான் என்பது அந்த விஞ்ஞான மூளைக்கு அந்த நேரத்தில் உதிக்கவில்லை.

சித்தி விட்டால்தானே? சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "உள்ள போகாதீங்க மாப்பிள்ளை, ஈதர் இருக்கான்!"

"இருக்குன்னு எனக்குத் தெரியும் சித்தி, நான்தானே கொட்டினேன்!"

"நீங்க கூப்பிட்டு வந்த ஆளுன்னும் தெரியும். இருந்தாலும் விட மாட்டேன்!"

சட்டை கிழிந்தது. பிடி தளரவில்லை. வண்டி போய்ச் சேர்ந்தபோது இருவரும் அந்த நிலையில்தான் நின்றார்கள். தெருமுனைப் பெட்டியிலேயே கரண்டை நிறுத்தி, கதவு ஜன்னல்களைத் திறந்து போட்டு, ஈதர் முழுதும் கலைகிற வரை காவல் இருந்துவிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியோடு வந்தார்கள். ஒரு பொருள்கூடக் கருகவில்லை.

ஐந்தரை மணிக்கு அவரும் சித்தியும் நிலையத்துக்கு வந்தார்கள். வீட்டில் இருக்கும் அத்தனை ரசாயனத்தையும் எழுதிக் கொடுத்தால்தான் சாவி என்று அதிகாரி சொல்லிவிட்டார். எழுதி வாங்க வேண்டியவள் யார்? கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவள்தான்.

கிழிந்த சட்டையோடு அவர் வந்து நின்றார். சற்றுமுன் வேண்டிக்கொண்டதெல்லாம் அவளுக்கு மறந்தே போயிற்று.

"தூங்கிட்டிருக்கிற மனுஷியை எழுப்பி வெளிய அனுப்பணும்னு தோணலையா உங்களுக்கு?"

"அசந்து தூங்கிட்டிருந்தாங்க. எழுப்ப மனசு வரலம்மா."

"மனசு வரலையாம்! எழுப்ப மனசு வரல, மேல அனுப்ப மட்டும் மனசு வந்துச்சா? உள்ள நீங்க கிடக்கறீங்கன்னு நினைச்சேன். நினைச்சுக்கிட்டே கதவைத் திறக்காதன்னு சொன்னேன். அப்படிச் சொல்ல வச்சுட்டீங்களே என்னை. அது என்னென்னைக்கும் மறக்காது எனக்கு."

அவர் தலை குனிந்தார். அவர் கண் கலங்கி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. "இனிமே வீட்ல ஒரு சொட்டுக் கிடையாது" என்றார். "டெக்னிக்கல் காலேஜ்ல லேப் இருக்கு, புகை இழுக்கற பெட்டியெல்லாம் இருக்கு. அங்க ஒரு வாத்தியார் நம்ம கடைக்குக் கண்ணாடி மாத்த வர்றவர். சனிக்கிழமை அவர் கூடவே நின்னு செய்யறேன். இல்லன்னா விட்டுடறேன். நீ எப்படிச் சொல்றியோ அப்படி."

"அப்போ ஈதர்ங்கறது ஆள் இல்லையா?" என்றாள் சித்தி, பெஞ்சிலிருந்து. டிரைவர் அரை மணி நேரமாக விளக்கிக்கொண்டிருந்தார். சித்தியின் முகத்தில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகம்.

கவுன்டருக்குப் பின்னால் அவள் படிவத்தை எடுத்தாள். "எத்தனை பாட்டில்?"

"பதினொண்ணு. எல்லாம் பின்னறையில."

எழுதிக்கொண்டாள். அதிகாரி எட்டிப் பார்த்தார். "பழைய ஈதர் எதுவும் இல்லையே? ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஆனது? அது நாளாக நாளாக மூடியைச் சுத்தி வெள்ளையாப் பூத்து நிக்கும். அசைச்சாலே, திருகினாலே வெடிக்கும். வெடிகுண்டு ஆளுங்கதான் வந்து எடுக்கணும்."

அவர் கிழிந்த சட்டையின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பதினான்கு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தச் சுருட்டல் தெரியாதா?

"சொல்லுங்க" என்றாள்.

"ஒண்ணு இருக்கு. முதன்முதல்ல வாங்கினது. நீ கண்டா சத்தம் போடுவேன்னு தனியா வச்சேன். இருட்டா, குளுமையா இருக்கணும்னு போட்டிருந்துச்சு."

"எங்க?"

"கட்டிலுக்குக் கீழ."

பெஞ்சில் டிரைவர் பேச்சை நிறுத்தினார்.

"எத்தனை வருஷமா?"

"மூணு."

மூன்று வருஷம். ஆயிரம் ராத்திரி. தினமும் பெருக்குகிறாள், விளக்குமாற்றால் அந்தப் பக்கமெல்லாம் தள்ளியிருக்கிறாள்.

"உன் பக்கம் இல்லம்மா" என்றார் அவர் அவசரமாக. குரல் உடைந்தது. "சத்தியமா உன் பக்கம் வைக்கல. ஏதாவது ஆனாலும் எனக்கே ஆகட்டும்னு என் பக்கந்தான் வச்சேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாகப் பணி நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து, கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வந்து, அந்தக் கிழிந்த சட்டையை மறுபடி கொத்தாகப் பிடித்தாள்.

"அறிவுகெட்ட மனுஷா, கட்டில் ஒண்ணுதானே!"